கூட்டத்தில் ஒருவருக்காவது தெரியட்டும்

(முதலுதவித் தொண்டர்கள் சேர்க்கைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



முதலுதவித் தொண்டராகச் சேர்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுகிறேன். அதற்கு முன்னால் உங்களை ஒன்று கேட்கிறேன். நம் ஊர் புறவழிச்சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுகிறது. கூட்டம் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

நிமிடக் கணக்கே வேண்டாம். டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவார்கள். போகிற பஸ் நிற்கும். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றுவார். ஒருவர் தலையைத் தூக்கி மடியில் வைப்பார். ஒருவர் ஹெல்மெட்டைப் பிடித்து இழுப்பார். நாலு பேர் சேர்ந்து கையையும் காலையும் பிடித்து, மடக்கி, ஆட்டோவுக்குள் திணிப்பார்கள். அத்தனை பேரும் நல்லவர்கள். ஐந்து பைசா எதிர்பார்க்காதவர்கள். ஆனால் அவர்கள் செய்த அத்தனையும் செய்யக்கூடாத காரியங்கள்.

ஏன் கூடாது? நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போகலாம். கழுத்தெலும்பு முறிந்தவரின் தலையை அசைத்தால், எலும்போடு நின்றிருக்க வேண்டிய காயம் தண்டுவடத்துக்கும் போகலாம். தீ, ஓடிவரும் லாரி என்று அந்த இடத்திலேயே ஆபத்து இருந்தால் ஒழிய அடிபட்டவரை நகர்த்தக் கூடாது. மூச்சே இல்லையென்றால் ஹெல்மெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் ஒருவர் கழுத்தை அசையாமல் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் மெல்லக் கழற்ற வேண்டும். இதை வாயால் சொல்லிவிட்டேன். கையால் செய்து பார்த்தவருக்குத்தான் வரும்.

நம்மிடம் இரக்கம் இருக்கிறதா? இருக்கிறது. துணிச்சல் இருக்கிறதா? இருக்கிறது. ஆள் பலம்? கேட்கவே வேண்டாம். இல்லாதது பழக்கம் ஒன்றுதான். ஓடி வரும் பத்துப் பேரில் ஒருவருக்காவது கை பழகியிருந்தால், மற்ற ஒன்பது பேரின் இரக்கமும் உருப்படியாகும். அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

"108 ஆம்புலன்ஸ் இருக்கிறதே ஐயா" என்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் 2008இல் வந்தது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதில் வரும் பணியாளர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அந்த வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் சில நிமிடம் ஆகும். இதயம் நின்றுபோனவருக்கு நாலைந்து நிமிடத்திலேயே மூளை கெட ஆரம்பிக்கும். ஆக, அந்த முதல் சில நிமிடங்கள் யாருடையவை? டாக்டருடையவை அல்ல. 108உடையவை அல்ல. பக்கத்தில் நிற்பவருடையவை. வீடானால் மனைவியுடையவை, மகனுடையவை. வகுப்பறையானால் வாத்தியாருடையவை.

சாலையை விடுங்கள், வீட்டுக்குள் வருவோம். கையில் சூடான எண்ணெய் பட்டுவிட்டது. நம் வீட்டில் முதலில் எதைத் தேடுவார்கள்? இட்லி மாவை! இல்லையென்றால் பற்பசை, மஞ்சள், பேனா மை. சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்களில் பாதிப் பேர் பூசியவர்கள்தான், எனக்குத் தெரியும். தீப்புண்ணுக்கு வேண்டியது குழாய்த் தண்ணீர். இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்ட வேண்டும். ஐஸ் கட்டி வேண்டாம், மாவு வேண்டாம், மை வேண்டாம். மோதிரத்தையும் வளையலையும் வீக்கம் வருவதற்குள் கழற்ற வேண்டும். இருபது நிமிடம் என்பது நீளமான நேரம். குழந்தை அழும், பாட்டி திட்டுவார், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் தண்ணீரில் விளையாடுகிறாயே" என்பார். அத்தனையையும் தாங்கிக்கொண்டு குழாயடியில் நிற்கும் பொறுமையும் பயிற்சியில் ஒரு பாடம்.

வலிப்பு வந்தால்? இரும்புச் சாவி! பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் நாற்பது சாவிக்கொத்துகள் நீளும். சாவி வலிப்பை நிறுத்துவதில்லை. வலிப்பு பெரும்பாலும் தானாகவே ஓரிரு நிமிடத்தில் நிற்கும். நின்றதும் சாவிக்குப் பெயர் கிடைத்துவிடும். செய்ய வேண்டியது என்ன? சுற்றியுள்ள கல்லையும் நாற்காலியையும் அகற்றுங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். கையையும் காலையும் அமுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பெண்ணாக இருந்தால் ஆடையைச் சரிசெய்து, சுற்றி நிற்கும் செல்போன்களை இறக்கச் சொல்லுங்கள். கடைசியில் சொன்னது புத்தகத்தில் இல்லை. ஆனால் இன்றைக்கு முதலில் செய்ய வேண்டியது அதுதான் என்பேன்.

பாம்புக்கடிக்குக் கயிற்றை எடுக்கிறோம். இறுக்கிக் கட்டுவதும், பிளேடால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் சினிமாவோடு போகட்டும். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததுபோல் அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து மருத்துவமனையில் இருக்கிறது. பாம்பைத் துரத்திப் பிடித்து வர வேண்டியதில்லை.

அன்பர்களே, பழக்கம் பழக்கம் என்று சொல்கிறேனே, இதற்கு ஒரு கதை உண்டு. நம் ஆட்களின் கதைதான்.

1899. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும், டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் போர் மூண்டது. அங்கே பிரிட்டிஷ் காலனியான நேட்டாலில் இருந்த இந்தியர்களைக் கோழைகள், காசு சேர்க்க வந்தவர்கள் என்று வெள்ளையர்கள் ஏளனம் பேசிய காலம். அங்கே வழக்கறிஞராக இருந்த காந்தி, அடிபட்டவர்களைத் தூக்கும் வேலைக்கு நாங்கள் வருகிறோம் என்று விண்ணப்பித்தார். அரசாங்கம் என்ன சொன்னது? தேவையில்லை என்றது.

தேவையில்லை என்றதும் வீட்டுக்குப் போனார்களா? போகவில்லை. டாக்டர் பூத் என்று ஒரு பாதிரியார், மருத்துவரும் கூட. அவரிடம் போய் முதலுதவி கற்றுக்கொண்டார்கள். உடல் தகுதிச் சான்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். போர் முற்றியது. ஆள் போதவில்லை. அரசாங்கம் திரும்பக் கூப்பிட்டபோது 1,100 பேர் நின்றார்கள். சுமார் முந்நூறு பேர் ஒப்பந்தத்தில் கட்டுப்படாத இந்தியர்கள். மீதி எண்ணூறு பேர்? ஒப்பந்தக் கூலிகள். கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் என்று கப்பல் ஏற்றப்பட்டவர்கள். நேட்டாலுக்கு அப்படிப் போனவர்களில் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். தமிழர்கள், தெலுங்கர்கள். நம் தஞ்சாவூர்க்காரர்களும் வடஆற்காட்டுக்காரர்களும் அந்த ஸ்ட்ரெச்சர்களைத் தோளில் தாங்கினார்கள். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள். குண்டு விழும் எல்லைக்குள் அவர்கள் வர வேண்டியதில்லை என்பதுதான் ஏற்பாடு. ஸ்பியான் காப் மலையில் அடிபட்டவர்கள் குவிந்து கிடந்தபோது, வர முடியுமா என்று கேட்டார்கள். போனார்கள். பிறகு தலைவர்களாக இருந்தவர்களுக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது. தோள் கொடுத்த எண்ணூறு பேருக்கு என்ன கிடைத்தது என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

அந்தப் போரில் நியாயம் யார் பக்கம் என்பது தனிச் சொற்பொழிவு. நான் எடுத்துக்கொள்வது வேறு. அவர்கள் அழைப்பு வந்த பிறகு கற்கப் போகவில்லை. கற்றுவிட்டு அழைப்புக்குக் காத்திருந்தார்கள்.

1906இல் அதே நேட்டாலில் ஜூலு மக்கள் பிரிட்டிஷாருக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். காந்தி மறுபடி ஒரு சிறு முதலுதவிப் படை சேர்த்தார். 24 பேர். பெரும்பாலோர் ஒப்பந்தம் முடிந்த தென்னிந்தியத் தொழிலாளர்கள். அங்கே போனால், காயம்பட்ட ஜூலுக்கள் நாள் கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறார்கள். புண் அழுகி நாறுகிறது. அதில் சாட்டையடிப் புண்களும் உண்டு. வெள்ளைச் சிப்பாய்கள் வேலிக்கு அந்தப்புறம் நின்று, இவர்களைத் தொடாதே என்கிறார்கள், வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். நம் ஆட்கள் புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். ஜூலுவின் மொழி இவர்களுக்குத் தெரியாது, இவர்கள் மொழி ஜூலுவுக்குத் தெரியாது. கட்டுத்துணிக்கு மொழி எதற்கு? அடிபட்டவர் யார், எந்தப் பக்கம், என்ன சாதி, குடித்திருந்தாரா, ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று கேட்காமல் குனிவதுதான் இந்த வேலையின் முதல் விதி.

இதற்கு நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் அந்த விதிக்கு ஒருவர் வித்திட்டிருந்தார். ஹென்றி துனாந்த். ஜெனீவா நகரத்து வியாபாரி. மருத்துவர் அல்ல. 1859 ஜூன் 24 அன்று இத்தாலியில் சோல்ஃபெரீனோ என்ற இடத்தில் பெரும்போர். வேறு காரியமாகப் போனவர், பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் அடிபட்ட சிப்பாய்கள் கிடப்பதைப் பார்த்தார். உள்ளூர்ப் பெண்களைத் திரட்டினார். இரு தரப்புக்கும் ஒரே கவனிப்பு. 1862இல் அதைப் புத்தகமாக எழுதினார். 1863இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. இந்தியாவில் 1920இல் சட்டமே போட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தை அமைத்தார்கள். இங்கிலாந்தில் 1877இல் தொடங்கிய செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், தொழிலாளர்களுக்கும் காவலர்களுக்கும் முதலுதவி சொல்லிக்கொடுத்துப் பெயர் பெற்றது. அதுவும் நம் நாட்டுக்கு வந்து வேரூன்றிவிட்டது. பஸ் கண்டக்டர் நண்பர்கள் யாராவது இருந்தால் தெரிந்திருக்கும். கண்டக்டர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது முதலுதவிச் சான்று கேட்பார்கள். பழைய தொழிற்சாலைச் சட்டமும், நூற்றைம்பது பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வை, சான்று பெற்ற ஒருவர் பொறுப்பில் வை என்றது. பெட்டி இருக்கும். உள்ளே என்ன இருக்கும்? ஒரு பிளாஸ்திரி, காலாவதியான டிங்சர், பூட்டின் சாவியைத் தொலைத்துவிட்ட சூப்பர்வைசர். மன்னிக்கவும், எல்லா இடத்தையும் சொல்லவில்லை.

சரி. சேர்வது எப்படி?

மிக எளிது. மாவட்டம்தோறும் செஞ்சிலுவைச் சங்கக் கிளை இருக்கிறது. மாவட்ட ஆட்சியர்தான் அதன் தலைவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜே.ஆர்.சி. என்ற ஜூனியர் ரெட் கிராஸ், கல்லூரிக்கு ஒய்.ஆர்.சி. என்ற யூத் ரெட் கிராஸ் இருக்கிறது. உங்கள் கல்லூரியில் அது வெறும் பெயர்ப்பலகையாகத் தொங்குகிறதென்றால், பொறுப்பாசிரியரிடம் போய், "வகுப்பு எப்போது சார்?" என்று கேளுங்கள். ஒரு மாணவர் கேட்டால் மறந்துவிடுவார். பத்து மாணவர் கேட்டால் வகுப்பு நடக்கும். படித்திருக்க வேண்டுமா? எழுதப் படிக்கத் தெரியாத மீன்காரப் பெண்மணி ஒருவர் எங்கள் வகுப்பில் கட்டுப்போடுவதில் எல்லோரையும் முந்தியதைப் பார்த்திருக்கிறேன். கத்தியோடு பழகிய கை!

வகுப்பில் என்ன நடக்கும்? ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வருகிறவர்கள் பயப்பட வேண்டாம், அங்கே ரத்தம் இல்லை. ஒரு பொம்மை இருக்கும். மார்பு வரைதான் உடம்பு. அதன் முகத்தை உற்றுப் பாருங்கள், அமைதியான ஓர் இளம்பெண்ணின் முகம். பாரிஸில் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் ஒரு பெயர் தெரியாத பெண்ணின் முக அச்சிலிருந்து எடுத்தது. நார்வேயில் லேர்டால் என்ற பொம்மை உற்பத்தியாளர் 1960இல் செய்தார். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் மூன்று பேர், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே நின்ற இதயத்துக்கு ரத்த ஓட்டம் கொடுக்கலாம் என்று எழுதினார்கள். அதுவரை டாக்டர்கள் மட்டும் செய்த காரியம், நம் கைக்கு வந்த ஆண்டு அது.

பொம்மை முன் முழங்காலிடுங்கள். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி. அதன்மேல் மற்றக் கை. முழங்கை மடங்கக் கூடாது. ஐந்து சென்டிமீட்டர் கீழே போக வேண்டும். ஒரு நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே எழும்ப வேண்டும். வாய்விட்டு எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... நாற்பதில் மூச்சு வாங்கும். நூறில் தோள் கெஞ்சும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்கிறோம். இதைப் பாட்டாகச் சொல்லித் தரலாம், படமாக வரைந்து தரலாம். ஆனால் நீச்சலைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர் உண்டா? பொம்மையை அழுத்தி வியர்த்தவருக்குத்தான், நாளை பக்கத்து வீட்டுப் பெரியவர் விழும்போது கை தானாகப் போகும். இன்னொன்றையும் அங்கே கற்பீர்கள். நினைவின்றிக் கிடப்பவர் எப்போதாவது ஒருமுறை வாயைப் பிளந்து 'ஹக்' என்று இழுப்பார். அதை மூச்சு என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. சரியான மூச்சு இல்லை என்றால் அழுத்தத் தொடங்க வேண்டும்.

பிறகு முக்கோணக் கட்டு. கை ஒடிந்தால் தூளி, தலையில் அடிபட்டால் தொப்பி, முழங்காலுக்கு உறை, எல்லாம் ஒரே துணியில். துணி இல்லையா? தோளில் கிடக்கும் துண்டு, துப்பட்டா போதும். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து நேரே அழுத்துங்கள். எட்டிப் பார்க்க அடிக்கடி துணியை எடுக்காதீர்கள். உங்கள் கைக்கு உறை, அது கிடைக்காவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பை. மின்சாரம் பட்டவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். ஈ.பி. லைன் அறுந்து கிடந்தால் ஆபீசுக்கு போன் செய்து லைனை நிறுத்தாமல் கிட்டப் போகாதீர்கள். தொண்டர் இன்னொரு நோயாளி ஆகக் கூடாது.

தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. கொடுத்த அன்றைக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவீர்கள். போடுங்கள். ஆனால் சான்றிதழ் சில ஆண்டுகளில் காலாவதியாகும். கையின் பழக்கம் அதற்கும் முன்னால் காலாவதியாகும். ஆகையால் மாதம் ஒருமுறையாவது பயிற்சிக்கு வர வேண்டும். இங்கேதான் ஆட்கள் உதிர்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு வெள்ளமும் விபத்தும் கண்ணில் மிதக்கும். நாமோ அவரை மாரத்தானுக்கு அனுப்பி ஒரு பந்தலில் உட்கார வைப்போம். காலையிலிருந்து உச்சி வெயில் வரை ஒரே ஒரு கால் பிசகு வரும். திருவண்ணாமலைக் கிரிவலத்தை நினையுங்கள். பதினாலு கிலோமீட்டர், வெறுங்கால் நடை. அங்கே முதலுதவிப் பந்தலுக்கு வருவது பெரும்பாலும் கொப்புளம், மயக்கம், வெயில் தாக்கம், கூடவே அப்பாவைத் தொலைத்த குழந்தை. "இதற்கா சார் படித்தேன்?" என்று ஒரு தம்பி கேட்டார். இதற்குத்தான் தம்பி. கொப்புளத்தைக் கவனிக்கப் பொறுமை இல்லாதவரை நாங்கள் நெரிசலில் நம்ப முடியாது.

தொண்டர் டாக்டர் அல்லர். மாத்திரை கொடுப்பவர் அல்லர். ஊசி போடுபவர் அல்லர். நினைவோடு இருப்பவரிடம், "நான் முதலுதவி படித்தவன், உதவலாமா அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். பார்த்ததை ஊருக்குச் சொல்லக் கூடாது. ஆம்புலன்ஸ் வந்ததும், எப்போது விழுந்தார், என்ன செய்தோம் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். சில சமயம் நாம் எல்லாம் சரியாகச் செய்தும் ஆள் பிழைக்க மாட்டார். அன்று இரவு தூக்கம் வராது. தனியாகக் கிடந்து குமையாதீர்கள், குழுவில் மூத்தவரை அழைத்துப் பேசுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பார்கள்.

"கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமே?" இந்தக் கேள்வி இல்லாமல் எந்தக் கூட்டமும் முடிந்ததில்லை. ஒரு காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுபவரைப் பாதுகாக்கும் விதிமுறைகளுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்கு இல்லை. பெயர் சொல்லக் கட்டாயம் இல்லை. சாட்சிக்கு வா என்று வற்புறுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரையறுத்த தொகை வரை, அரசே ஏற்கிறது. பணம் யார் கட்டுவது என்று நீங்கள் தயங்கவும் வேண்டாம்.

பெண்கள் கூடுதலாக வர வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். திருவிழாக் கூட்டத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தால், ஆண்கள் தொடத் தயங்கி நிற்கிறார்கள். உயிர் போகும் நேரத்தில் தயங்கக் கூடாதுதான். ஆனாலும் தயங்குகிறார்கள். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் தயக்கத்துக்கே இடம் இல்லை. ஓய்வு பெற்றவர்களும் வாருங்கள். முழங்காலிட முடியாவிட்டால் பதிவேடு எழுதலாம், கூட்டத்தை விலக்கலாம், 108க்குச் சரியான அடையாளம் சொல்லி வழி காட்டலாம். அதற்கும் ஆள் இல்லாமல் தவிக்கிறோம்.

வாசலில் மேசை போட்டு இரண்டு தங்கைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர், வயது, ரத்த வகை, தொலைபேசி எண். அவ்வளவுதான் படிவம். அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இதே அரங்கில் முதல் வகுப்பு. முழங்காலிட வசதியான உடையில் வாருங்கள், நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள், வீட்டிலிருந்து ஒரு பழைய துண்டு எடுத்து வாருங்கள். வரும்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரையும் அழைத்து வாருங்கள்.